திருவாசகம் தட்டில் வந்த ஆண்டு

நம் மனத்துக்கு உகந்த இசையமைப்பாளர் ஒருவரின் புதிய தட்டு வரப்போகிறது என்றால், அது வருமுன்னரே அதைப் பற்றிய பேச்சு ஊருக்குள் வந்துவிடுகிறது. விருந்தாளி வருமுன் அவருடைய பெட்டி வந்து திண்ணையில் அமர்ந்துகொள்வதைப் போன்றது அது. 2005 ஆம் ஆண்டின் முற்பகுதியில் கடலூர்த் தேநீர்க் கடைகளில் அப்படியொரு பேச்சு அடிபட்டது. இளையராஜா திருவாசகத்துக்கு இசையமைத்திருக்கிறாராம். ஐரோப்பாவில், ஹங்கேரி நாட்டுத் தலைநகரில், வெள்ளைக்காரர்கள் வாசித்திருக்கிறார்களாம். செலவு செய்து வெளியிடுபவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியாராம். கேட்டவர்களில் சிலர் வியந்தனர், சிலர் முகம் சுளித்தனர். நாமோ நாளை எண்ணத் தொடங்கினோம்.

பேச்சில் பொய்யில்லை. வெளியிட்டது தமிழ் மையம். அதன் நிறுவனர் அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜ். வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. நடத்தியவர் லாஸ்லோ கோவாச். அமெரிக்க நாடக மேடைக்குப் பாடல் எழுதிப் புகழ்பெற்ற ஸ்டீபன் சுவார்ட்ஸ், இடையிடையே வரும் ஆங்கில வரிகளை எழுதினார். 2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாடமி அரங்கில் தட்டு வெளியிடப்பட்டது. சிம்பொனி என்று விளம்பரம் செய்தார்கள். இசை இலக்கணம் அறிந்தவர்கள் அதை மறுத்து, குழுப்பாட்டும் தனிப்பாட்டும் பெருங்குழு இசையும் கலந்த இவ்வடிவத்துக்கு மேலை நாட்டில் ஆரட்டோரியோ என்று பெயர் என்றார்கள். முழுமையான சிம்பொனி ஒன்றை ராஜா இலண்டன் மேடையில் அரங்கேற்றுவதற்கு 2025 மார்ச் 8 வரை நாம் காத்திருக்க வேண்டியிருந்தது. பெயர் எதுவாயினும் ஆகுக. பலாச்சுளையின் சுவை அதன் பெயரிலா இருக்கிறது?

இசைஞானிக்கும் நமக்கும் உள்ள உறவு 1976 இல் அன்னக்கிளியோடு தொடங்கியது. அக்காலத்தில் கடலூர் முதுநகரின் வீடுகளில் இலங்கை வானொலி, கடலைத் தாண்டி வந்த காற்றோடு காற்றாகத் தெளிவாக ஒலிக்கும். பின்னர் ஒலிநாடாக்களின் காலம் வந்தது. விருப்பமான பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பதிவு செய்யும் கடைக்காரரின் தயவுக்காக வாரக்கணக்கில் நடந்திருக்கிறோம். 1986 இல் ஹவ் டு நேம் இட் வந்தபோது, பாட்டில்லாத இசையை நம் வீட்டார் எவரும் பொறுத்துக்கொள்ளாததால், இரவு எல்லாரும் உறங்கிய பின் ஒலியைத் தணித்து வைத்துக் கேட்டோம். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்த ஒருவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை கற்று, தாம் நினைப்பதை நினைத்தபடி தாளில் எழுதிக் கொடுக்கும் வல்லமை பெற்றாரே, அந்த வல்லமைதான் திருவாசகத்தைப் புடாபெஸ்டு வரை கொண்டு சென்றது. ஒரு தமிழ்ச் சொல்லும் அறியாத வாத்தியக்காரர்கள் அவருடைய எழுத்தைப் பார்த்து மாணிக்கவாசகரின் கண்ணீரை வாசித்திருக்கிறார்கள்.

ஆனால், அந்த ஆண்டு நம் கடற்கரையில் பாட்டுக் கேட்கும் மனநிலையில் எவரும் இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எழுந்து வந்தது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம் என்று நாம் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர்களெல்லாம் செய்தித்தாள்களில் பிணக் கணக்கோடு வந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 உயிர்களுக்கு மேல் போயின. அவர்களில் குழந்தைகள் பலர். நம் ஊரிலேயே கரையேறவிட்டகுப்பம் என்று ஓரிடம் உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் அங்கேதான் கரையேறினார் என்பது சைவர்களின் நம்பிக்கை. அந்தப் பெயரைப் பேருந்து நடத்துநரின் வாயால் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். அந்த டிசம்பருக்குப் பிறகு அதைக் கேட்கும்போதெல்லாம், கரையேற்றி விடப்படாதவர்களே நினைவுக்கு வந்தார்கள்.

தெற்கே பரங்கிப்பேட்டையில் நம் மக்கள் செய்ததை அன்றைய நாளேடுகள் எழுதின. அலையில் வீடிழந்து ஓடிவந்த மீனவ மக்களுக்கு ஜமாஅத்தார் அன்றே உலையேற்றினார்கள். தங்க இடம் கொடுத்தார்கள். இறந்தோரை அடக்கம் செய்யத் தோள் கொடுத்தார்கள். எவர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்று எவரும் கேட்கவில்லை. இதனை விரித்தெழுதுவது நம் நோக்கமன்று. அந்த ஆறு மாதங்களும் நம் வீட்டில் வானொலிப் பெட்டி செய்திக்காக மட்டுமே திறக்கப்பட்டது என்பதைச் சொல்லவே இதைச் சொன்னோம்.

ஜூலை முதல் வாரத்தில், திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் ஒரு கடையில் அந்தக் குறுந்தகடு கிடைத்தது. ஆறு பாடல்கள். யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. இரவு இஷா தொழுகை முடிந்து வந்து, வாசற்கதவைச் சாத்திவிட்டு, சி.டி. பிளேயரில் இட்டோம். வீட்டாரும் வந்து அமர்ந்தனர். முதற்பாடல் பெரும்படை ஒன்று புறப்படுவதைப் போல எழுந்தது. பிள்ளைகள் அதற்கே மயங்கினார்கள். நமக்கு அது பிடித்திருந்தது. ஆயினும் நாம் காத்திருந்தது அதற்கன்று என்பது அடுத்த பாடல் தொடங்கியபோதுதான் தெரிந்தது.

சிவபுராணம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடுகிறது. ராஜா தம் சொந்தக் குரலில் பாடுகிறார். அக்குரலில் பயிற்சியின் பளபளப்பு இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. இந்தப் பாட்டுக்கு அந்தப் பளபளப்பு இருந்திருந்தால் கெட்டிருக்கும் என்பது நம் துணிபு. தன்னைப் பொல்லாதவன் என்று சொல்லிக்கொள்பவன், சபையில் தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சொல்வானா? புல்லாய், பூண்டாய், புழுவாய், மரமாய்ப் பிறந்து பிறந்து இளைத்துப் போனேன் என்னும் கருத்து வரும் இடத்தில், ஒவ்வொரு பிறவியாகக் குரல் ஏறுகிறது. பின்னால் நரம்புக் கருவிகள் அலையலையாக வந்து விழுகின்றன. அலை என்று எழுதியபோது எழுதுகோல் சற்று நின்றது. வேறு சொல் கிடைக்கவில்லை. அன்றிரவு வீட்டில் எவரும் ஒன்றும் பேசவில்லை. நம் வீட்டம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தும் பாராதது போல இருந்தோம். ஆறு மாதமாக ஊரே அழுதது. ஆனால் அழுகைக்கு ஒரு வடிவம் கிடைத்தது அன்றுதான்.

இங்கே வாசக அன்பர் ஒருவர் குறுக்கிட்டு, மறுபிறப்பு நம் ஈமானில் இல்லையே, பல பிறவி எடுத்து இளைத்தேன் என்பதற்கு நீர் எப்படி உருகினீர் என்று கேட்கலாம். நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்கவே செய்தார். பள்ளிவாசல் முற்றத்தில் நம்மை நிறுத்தி, “என்ன தம்பி, வீட்ல சிவபுராணம் ஓடுதாமே?” என்றார். “ராஜா பாட்டு நானா” என்றோம். “ராஜா பாட்டுதான், பாடினது யாரை?” என்றார். அவர் கடிந்து கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார்.

பிறவி பல என்பதை நாம் ஏற்பதில்லை. நமக்கு வாழ்வு ஒன்று, மரணம் ஒன்று, மறுமை ஒன்று. ஆனால் இளைத்தேன் என்று ஓர் அடியான் தன் இறைவனிடம் சொல்லும்போது, அந்த இளைப்பு நமக்குத் தெரியாததா? குணங்குடி மஸ்தான் சாகிபு பாடியது எந்த இளைப்பை? அவருடைய பாடல்களையும் தாயுமானவரையும் அருகருகே வைத்து எத்தனை தமிழாசிரியர்கள் பாடம் நடத்தியிருக்கிறார்கள்! கம்பனை ஊர்தோறும் எடுத்துச் சொன்னவர் நாகூரில் பிறந்த மர்ஹூம் நீதிபதி மு. மு. இஸ்மாயீல் அவர்கள். அவர் மறைந்ததும் அதே 2005 சனவரியில்தான். காப்பியத்தின் கவிச்சுவையைக் கண்டு வியப்பதற்கு அவர் தம் மார்க்கத்தின் ஓர் இழையையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொல்லவில்லை. “கேட்டுப் பாருங்க நானா” என்று மட்டும் சொன்னோம். இசைக்கருவி ஆகுமா, ஆகாதா என்னும் பழைய வழக்கை இங்கே நாம் எடுக்கவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள்.

நம்மவர் கேள்வியைவிடக் கடுமையான கேள்வி சிதம்பரத்தில் காத்திருந்தது. அங்கே கீழவீதியை ஒட்டிய சந்தில் நம் நண்பர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பழுத்த சைவர். திருமுறைகளை ஓதுவார்களிடம் கேட்டுக் கேட்டே வளர்ந்த செவி அவருடையது. இந்தத் தட்டை அவர் கேட்டிருக்கமாட்டார் என்பது உறுதி. கேட்க விரும்பவும் மாட்டார் என்பது அதைவிட உறுதி. ஆயினும், ஆறு பாடல்களில் நான்கு தில்லையில் பாடப்பெற்றவை என்று நூல்கள் குறிக்கின்றன. பிடித்த பத்து தோணிபுரமாகிய சீர்காழிக்குரியது; அதுவும் பக்கத்து ஊரே. சிவபுராணம் ஒன்றுதான் தொலைவில், திருப்பெருந்துறையில் பிறந்தது. திருவாசகம் முழுவதையும் இறைவனே அந்தணர் வடிவில் வந்து ஏட்டில் எழுதிக்கொண்டு சென்றதாகவும், பொருள் கேட்ட தில்லைவாழ் அந்தணர்க்கு அம்பலத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு மாணிக்கவாசகர் அதிலேயே கலந்துவிட்டதாகவும் சைவ மரபு கூறும். ஆகவே, புடாபெஸ்டு சென்று திரும்பிய பாட்டு, பிறந்த வீட்டில் ஒருமுறை ஒலிக்கட்டும் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை தட்டைப் பையில் இட்டுக்கொண்டு பேருந்து ஏறினோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி முட்லூர் வந்ததும் கிழக்கே பரங்கிப்பேட்டைக்குப் பாதை பிரிகிறது. அந்தத் திருப்பத்தைக் கடக்கும்போதெல்லாம் நமக்கு உமறுப்புலவரின் நினைவு வரும். வள்ளல் சீதக்காதி மறைந்த பின், சீறாப்புராணம் நின்றுவிடாமல் காத்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். 5,027 விருத்தங்கள் கொண்ட அந்தக் காப்பியத்தில் அவருடைய பெயரை நன்றியோடு பதித்து வைத்தார் புலவர். அன்று பேருந்தின் சன்னலோரத்தில் அந்த நினைவு வந்தது நன்மையாகவே முடிந்தது.

நண்பர் “வாங்க பாய்” என்று வரவேற்றார். பையிலிருந்து தட்டு வெளிவந்ததும் அவர் முகம் மாறியது. “ஐயா, ஒரே ஒரு முறை” என்றோம். “பாய், திருவாசகத்தை ஓதுவார்கள் மோகனத்தில் ஓதுவார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த முறை. அந்த மோகனத்தை எடுத்து எறிந்துவிட்டு, நூறு வயலினைக் கொண்டுவந்து மேலே கவிழ்த்தால், உள்ளே திருவாசகம் மூச்சுவிடுமா?” என்றார். கேள்வி நியாயமானது. சிதம்பரத்தில் இருப்பவர் அதைக் கேட்பது அதனினும் நியாயம். தமிழிசைக்கென்று 1941 இல் மாநாடு கூடியது அங்கே அண்ணாமலை நகரில். தேவார இசையில் தோய்ந்த எம். எம். தண்டபாணி தேசிகர் இசை கற்பித்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். தமிழ்ப்பாட்டுக்குத் தமிழ்ப்பண் என்பது அவ்வூரில் பொழுதுபோக்குப் பேச்சன்று, அதற்காகப் போராடியிருக்கிறார்கள்.

நாம் பரங்கிப்பேட்டையைப் பற்றிச் சொன்னோம். “ஐயா, சீறாவை நீங்கள் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். நாட்டுப் படலத்தில் அரபு நாடு எப்படி இருக்கிறது? மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, உழவர் நாற்று நடுகிறார்கள். மக்கத்துப் பாலையில் ஏது நெல் வயல்? உமறுப்புலவர் தம் மண்ணின் பசுமையை எடுத்துத் தம் நாயகத்தின் மண்ணுக்குப் போர்த்தினார். நாங்கள் அதைப் பிழை என்று சொல்லவில்லை. அன்பு என்று சொன்னோம். நபிகளாரின் வரலாறு காவிரிக்கரை ஆடை உடுத்தலாம் என்றால், மணிவாசகரின் அழுகை தான்யூப் நதிக்கரை ஆடை உடுத்தக் கூடாதா?”

அவர் சிறிது நேரம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்ன மறுமொழி இன்றளவும் நம் நெஞ்சில் இருக்கிறது. “உமறு நிலத்தைத்தான் மாற்றினார், பாய். விருத்தத்தை மாற்றவில்லை. தாம் கைதேர்ந்த வடிவத்துக்குள் புதுப்பொருளைக் கொண்டுவந்தார். இவர் பழம்பொருளை அயல் வடிவத்துக்குள் கொண்டுபோகிறார். இரண்டும் ஒன்றல்ல.” ஒன்றல்லதான். ஆனால் ராஜாவுக்கு அந்த வடிவம் அயலா என்று கேட்டோம். முப்பது ஆண்டுகளாகத் தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும் வயலின் கூட்டத்தை நமக்குப் பழக்கி வைத்தவர் அவர்தாமே; தாய்மொழி போலப் பேசும் ஒன்றை அயல்மொழி என்று எப்படிச் சொல்வது? அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. “போடுங்கள்” என்றார்.

சிவபுராணத்தையே முதலில் போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆங்கில வரிகள் வந்த இடத்தில் கண்ணைத் திறந்து கையை உயர்த்தினார், நிறுத்தினோம். அந்த இடம் நமக்கும் உறுத்தலானதே என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருவாசகத்தில் ஒரு சொல்லுக்குள் நான்கு சொல் அடைந்து கிடக்கும். அந்த ஆங்கில வரிகள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுக் கைவீசி நடக்கின்றன. 1900 இல் முதிய வயதில் திருவாசகத்தை ஆங்கிலமாக்கிய ஜி. யு. போப் பாதிரியாரின் உழைப்பை அறிந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஆயினும், தமிழறியாத ஒருவன் இந்தப் பாட்டின் வாசற்படியிலேனும் வந்து நிற்கட்டும் என்னும் எண்ணத்தில் அதை வைத்திருக்கிறார்கள். நண்பரிடம் இதைச் சொன்னபோது, “வாசற்படியில் நிற்பவர்களைப் பற்றி இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டாம், பாய்” என்றார். நந்தனாரை நினைத்துச் சொன்னார் என்பது நமக்கு விளங்கியது. சிறிது பொறுத்து, “மீதியையும் போடுங்கள்” என்றார்.

மூன்றாண்டு கழித்து, 2008 மார்ச்சில், அரசாணையின் துணையோடு சிவனடியார் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையேறித் தமிழ்த் திருமுறை பாடச் சென்றபோது எழுந்த கைகலப்பையும் காவலர் கூட்டத்தையும் நாடே பார்த்தது. அது அவர்கள் வீட்டு வழக்கு. அயல்வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லலாகாது. ஆனால், தமிழ்ப் பாட்டு எங்கே ஒலிக்கலாம், எவர் வாயால் ஒலிக்கலாம் என்பதற்கு அவ்வளவு காவல் தேவைப்பட்ட காலத்தில், கடலூர் முதுநகரில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கூடத்தில் எந்த அரசாணையும் இல்லாமல் திருவாசகம் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறோம். ஒரு தட்டு செய்யக்கூடிய வேலை இது. அதற்குக் கோபுரமும் இல்லை, மதிற்சுவரும் இல்லை.

அன்று ஆறு பாடல்களையும் கேட்டு முடித்தபோது அஸர் நேரம் நெருங்கிவிட்டது. திருப்பொற்சுண்ணத்துக்கு நண்பர் தொடையில் தாளம் போட்டதை நாம் கண்டோம். பெண்கள் கூடி உலக்கை பிடித்து இடிக்கும் பாட்டு அது, எவர் கையும் சும்மா இராது. அதைச் சுட்டிக்காட்டாமல் விட்டோம். கடைசிப் பாடலாகிய அச்சப்பத்து முடிந்ததும் அவர் எழுந்து உள்ளே சென்று, அட்டை கிழிந்த திருவாசகப் புத்தகத்தை எடுத்து வந்தார். அந்தப் பதிகத்தில், வினையென்னும் கடல் வந்து கொண்டுபோனாலும் அஞ்சமாட்டேன் என்னும் பொருளில் ஓரிடம் இருக்கிறது. விரலால் அதைத் தொட்டுக் காட்டி, மோகனத்தில், தம் நடுங்கும் குரலில் மெல்லப் பாடினார். வயலின் எதுவும் இல்லை. தெருவில் மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் போயிற்று.

பாடி முடித்துப் புத்தகத்தை மூடினார். “உங்கள் கரையில் இதைப் பாடாதீர்கள், பாய். அங்கே இன்னும் கொஞ்ச காலத்துக்கு அஞ்சிக்கொள்ளட்டும்” என்றார். பின்னர், தட்டை இரண்டு நாள் வைத்துக்கொண்டு தருவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

திருப்பித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை, லாரன்ஸ் சாலையில் வேறொன்று வாங்கிக்கொண்டோம்.